காற்றில்லாத துடிப்பு

விசிறி நின்று வெகுநேரமாகியும் திரையில் ஒரு கோடு மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.

விசிறியால் காற்றைப் பாய்ச்சிச் சோதிக்கும் காற்றுச் சுரங்கக் குழாயின் நடுவே பொருத்தியிருந்த மீன் வடிவ உடலின் தோலெங்கும் ஊசித்துளைகள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு குட்டி மைக். காற்று உரசும்போது தோல்மேல் அழுத்தம் படபடப்பதை அவை கேட்டுச் சொல்லும். காற்றே இல்லாதபோது கேட்க ஒன்றும் இருக்கக் கூடாது.

"சார், மூக்குலேர்ந்து வால் வரைக்கும் யாரோ தடவிட்டே போற மாதிரி இருக்கு," என்றாள் பொறியாளர்.

ஆய்வகத் தலைவர் டையைச் சரிசெய்துகொண்டிருந்தார். காற்றின் கொந்தளிப்பைப் பற்றி ஊரெல்லாம் மேடை போட்டு முழங்கியவர். மின்விசிறிக்கு நேரே உட்கார்ந்தால் தும்முவார்.

"காத்தைப் பத்தி எனக்கே பாடமா? துளையில தூசும்மா. விருந்தாளிங்க வர்றதுக்குள்ள துடைச்சிடு. கோடு நேரா வரலேன்னா நாளைலேர்ந்து நீயும் வராதே."

உள்ளே போகிறவர் விசிறியின் சாவியைக் கையோடு எடுத்துப் போக வேண்டும். உயிருக்கு உத்தரவாதம் அதுதான். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு நுழைந்தாள்.

எண்ணெய் வாடையும் பெயின்ட் வாடையும் கலந்த அந்த நீண்ட குழாயில் அவள் மூச்சே சுவரில் மோதி, சற்றுத் தாமதித்து, வேறு யாருடையதோ போலத் திரும்பி வந்தது. ஒரு துளைமேல் விரல் வைத்தாள். வெதுவெதுப்பு. துளை மெல்ல உறிஞ்சியது.

விரலை வெடுக்கென்று இழுத்தாள்.

குழாயின் கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே விருந்தாளிகள். தலைவர் கையில் தங்கமுலாம் பூசிய இன்னொரு சாவி. அடுத்தவர் சாவிக்காகக் காத்து நிற்பது பதவிக்கு அழகில்லை என்று ரகசியமாகச் செய்துகொண்டது. திருப்பிவிட்டார்.

விசிறி முனகியது.

"சார்! நான் உள்ள இருக்கேன்!"

பார்த்துவிட்டார். அவர் கை ஒரு கணம் நின்றது.

"உள்ள ஆள் இருக்கே?" ஒலிபெருக்கியில் ஒரு விருந்தாளியின் குரல்.

நிறுத்தினால் மானம் போகும். "எங்க செய்முறையே அப்படித்தாங்க," என்றார். "நம்ம பொண்ணு தைரியசாலி!"

வேகத்தை ஏற்றினார்.

காற்று காலை வாரியது. பிடிக்க வேறெதுவும் இல்லை. அந்த உடலையே கட்டிக்கொண்டாள். கன்னம் ஒட்டியது. முடி ஒவ்வொன்றாகத் துளைக்குள் போனது. இழுத்தாள். வரவில்லை.

தோலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு கன்னம்.

வெளியே கைதட்டினார்கள். ஒரு பெண்மணி சிரித்தபடி அவளைப் பார்த்துக் கையசைத்தாள்.

பொறியாளர் கையசைக்கவில்லை. அவள் முகத்தருகே, உள்ளிருந்து தோலைப் புடைத்துக்கொண்டு ஐந்து விரல்கள் எழுந்து, பதிலுக்கு மெதுவாக அசைந்தன.