உத்தரவு கிடைத்த வீடு

சுவிட்சின் மேல் அவள் கை இல்லை. ஆனாலும் கூடத்து பல்பு எரிந்தது.

பட்டப்பகல், மூன்று மணி. கூடத்தின் நடுவே இயக்குநர் மண்டியிட்டு, கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தார். படப்பிடிப்புக்கு வீடு பிடிப்பதென்றால் அவருக்கு வாடகை, வெளிச்சம், வண்டி நிறுத்த இடம் எதுவும் பொருட்டில்லை. மேலேயிருந்து உத்தரவு வர வேண்டும். "உனக்கு வேண்டியதை எடுத்துக்கோ, எனக்கு இந்த வீட்டைக் குடு. சம்மதம்னா விளக்கைக் காட்டு" என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்பார். ஏழு படத்துக்கு விளக்கைக் காட்டியது கடவுள் இல்லை. இடம் பார்த்துக் கொடுக்கும் அவள்தான். தோதான வீடு அமைந்ததும் கதவுக்குப் பின்னால் நின்று சுவிட்சைத் தட்டிவிடுவாள். பின்னே, நாற்பது வீடு பார்த்தும் மனுஷர் அசையவில்லையென்றால் அவள் என்னதான் செய்வாள்? பாவமென்று ஒரு நாளும் தோன்றியதில்லை. பிழைப்பு.

இந்த வீட்டில் அவள் தட்டுவதாகவே இல்லை. பள்ளி விடுமுறை என்று தொற்றிக்கொண்டு வந்த எட்டு வயது மகளை, வாலு என்றால்தான் திரும்பிப் பார்க்கும் அந்தக் குரங்கை, வாசலறையில் கலர் பென்சிலோடு உட்காரவைத்துவிட்டு உள்ளே வந்த கணமே வீடு பிடிக்காமல் போயிற்று. மூன்று வருடம் பூட்டிக் கிடந்த இடத்தில் தூசி நாற்றமல்லவா வர வேண்டும்? யாரோ இப்போதுதான் படுத்தெழுந்த படுக்கையின் வெதுவெதுப்பான வாசனை வந்தது, அறைக்கு அறை, அவள் போகப் போக அரை அடி முன்னால். நல்லவேளை, கரண்ட் கிடையாது. மீட்டரையே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். விளக்கு எரியாது, கும்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று நிம்மதியாக இருந்தாள்.

பல்பு எரிந்துகொண்டுதான் இருந்தது.

இயக்குநர் கண்ணைத் திறந்தார். கன்னமெல்லாம் கண்ணீர்.

"உத்தரவு கிடைச்சாச்சும்மா."

"வேண்டாம் சார், போயிடலாம். இந்த வீட்டுல கரண்டே இல்ல." இனி மறைத்து என்ன? "இதுக்கு முன்னாடி எல்லாம் நான்தான் போட்டேன். ஏழு வீட்லயும்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"தெரியும்மா. உன் கையால அவர் போட்டார். இன்னைக்கு அவரே போட்டிருக்கார்."

"அவர்தான்னு எப்படி சார் தெரியும்?"

அவர் சிரித்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஏழு தடவையும் அந்த வேண்டுதலைக் காதில் வாங்கியது அவள். பதில் சொன்னதும் அவள். அவள் எதையும் எடுத்துக்கொண்டதில்லை. இன்று வேறு யாரோ கேட்டிருக்கிறார்கள், வேண்டியதை எடுத்துக்கொள் என்று சொன்னதையும் சேர்த்து. இந்தப் பாழும் வீட்டில் எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது?

வாசலறைக்கு ஓடினாள். பென்சில்கள் கிடந்தன. வாலு இல்லை.

"எங்கடி இருக்க? விளையாடாத. அம்மாவுக்குப் பயமா இருக்கு."

உள்ளே எங்கோ வாலு பேசுவது கேட்டது. தணிந்த குரலில், கொஞ்சலாக. வீட்டில் செல்லம் கொஞ்சும்போது மட்டும் வரும் குரல். முதல் அறை. காலி. இரண்டாவது. காலி. கடைசி அறையின் கதவு பாதி திறந்திருந்தது.

வாலு முதுகைக் காட்டி நின்றாள். காலையில் அவள் போட்டுவிட்ட ரிப்பன் தரையில். அவிழ்ந்த கூந்தல் மூன்றாகப் பிரிந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி, நிதானமாகப் பின்னிக்கொண்டு வந்தது. பின்னால் ஒருவரும் இல்லை.

"இறுக்காதம்மா. வலிக்குது," என்றாள் வாலு.

வாசலில் நிற்பவளிடம் சொல்லவில்லை.

கடவுளே என்று கூப்பிட நாக்கு எழவில்லை. யாரைக் கூப்பிடுவது? இத்தனை வருடம் அந்த இடத்தில் நின்றது அவள்தானே.

பின்னல் முடிந்தது. நுனி மெல்ல மேலே நிமிர்ந்தது. கூடத்தில் இயக்குநர் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். வாலுவின் குதிகால்கள் தரையை விட்டன. பிறகு விரல்கள்.

அவள் பாய்ந்து அந்தக் கால்களைக் கட்டிக்கொண்டாள். சில்லிட்டிருந்தன. மகள் குனிந்து பார்த்தாள், வழியில் எதிர்ப்பட்ட யாரையோ பார்ப்பதுபோல. பிறகு முகத்தை மேலே திருப்பிக் கேட்டாள்.

"அம்மா, யாரு இவங்க?"

பின்னல் இன்னும் மேலே போனது.