அழுத்தியவன்தான் திருப்ப வேண்டும்

பட்டன் வெளியே வந்திருந்தது.

எழில்மதி தகர ஷெட்டின் வாசலிலேயே நின்றுவிட்டாள். முதல் நாள் சாயங்காலம் வேலை முடிந்ததும், மரம் கடையும் லேத்தின் ஓரத்திலிருந்த அந்தச் சிவப்பு எமர்ஜென்சி பட்டனை உள்ளங்கையால் ஓங்கி அழுத்தி, அது உள்ளே போய்ப் பூட்டிக்கொண்ட சத்தத்தைக் காதால் கேட்ட பிறகுதான் கதவைச் சாத்தினாள். உள்ளே போன பட்டன் தானாக வராது. பிடித்துத் திருப்பினால்தான் வரும். யாரோ திருப்பியிருக்கிறார்கள். லேத்தில் மாட்டிய பலாக்கட்டை, ஆளில்லாத ஷெட்டுக்குள் மெள்ளச் சுற்றிக்கொண்டிருந்தது. மழை ஈரத்தையும் பலாத்தூளின் இனிப்பு வாடையையும் தாண்டி, நனைந்த கருங்கல் பொடியின் வாடை மூக்கில் ஏறியது. இந்த டவுன்ஷிப்பில் கருங்கல்லை யார் உடைக்கிறார்கள்?

அவள் கணவன் செங்குட்டுவன் சுரங்கத்தில் பெல்ட் பிரிவு எலக்ட்ரீஷியன், பர்மனென்ட். மரக்கிண்ணம் கடைய வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டதற்காக, குவார்ட்டர்ஸ் பின்னால் மோட்டாரும் அதன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற டிரைவும் வைத்து லேத்தைப் பூட்டிக் கொடுத்தவன் அவன்தான். பட்டனைத் திருப்பினாலும், தனியாக ஸ்டார்ட் அழுத்தினால்தான் மோட்டார் ஓட வேண்டும். அதுதான் முறை, அவனுக்கே தெரியும். "வூட்டு மெஷினுக்கு எதுக்குடி ரெண்டு பட்டன்?" என்று சோம்பலில் விட்டுவிட்டான். இவனெல்லாம் ஒரு எலக்ட்ரீஷியன்! திருப்பினால் ஓடும், அவ்வளவுதான். சுரங்கத்து வழக்கம் ஒன்றை மட்டும் விடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தான். நிறுத்த எவன் அழுத்தினானோ அவன்தான் திருப்ப வேண்டும். ஆபீசரே வந்தாலும் வேறு யாரும் தொடக்கூடாது. அழுத்தியவன் இன்னும் உள்ளே இருக்கலாம் அல்லவா?

"நான் அழுத்தனத நீங்க ஏன் திருப்புனீங்க?" என்று கேட்டதும் அவன் முகம் சிவந்தது.

"நான் ஷெட்டுப் பக்கமே போவல. நீ மறந்துட்டு என் தலையில கட்டாத. என் கை உள்ள இருக்கச்சே இப்படி ஓடியிருந்தா என்னா ஆவறது?"

அந்தப் பேச்சு அவளுக்குச் சுருக்கென்றது. மறுநாளும் பட்டன் வெளியே. அதற்கடுத்த நாளும். வீட்டில் பேச்சு குறைந்தது. சோறு போடும்போது அவன் அவள் கையையே ஒரு மாதிரி பார்ப்பதாக அவளுக்குப் பட்டது. அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது.

பட்டனை வாங்கி வந்தவர் அவன் கூட்டாளி கொளஞ்சிநாதன். அவருக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, அந்தப் பட்டன் எங்க வாங்கனீங்க?"

"பண்ருட்டியில, பழைய சாமான் கடையில தங்கச்சி. மூடிப்போன ஒரு கல் கிரஷர்ல கழட்டனதாம்." கொஞ்சம் இழுத்தார். "அங்க ஒரு ஆளு பட்டன அழுத்திட்டு பெல்ட்டுக்கு அடியில பூந்திருக்கான். அது தெரியாம வேற எவனோ திருப்பிட்டானாம். ஆளு வெளிய வரவேயில்ல. வுடும்மா, இதெல்லாம் எதுக்கு உனக்கு?"

அன்று மத்தியானமே செங்குட்டுவனிடம் சொன்னாள். மழை கட்டி இருட்டியிருந்தது. தளர்ந்த பெல்ட்டைச் சரிசெய்ய, அவன் லேத்தின் பெல்ட் மூடியைக் கழற்றிவிட்டுக் குந்தியிருந்தான். கேட்டுவிட்டுச் சிரித்தான். பல நாள் கழித்து வந்த சிரிப்பு. அதைப் பார்த்ததும் அவள் மனசு கொஞ்சம் இளகியது.

"மெயின அணைச்சிட்டு செய்ங்க. உங்க கால்ல வேணா விழறேன்."

"மெயினு வூட்டுக்குள்ள இருக்கு, வாஷிங் மெஷின் பாதியில நின்னுபூடும். நீ பட்டன அழுத்திப் புடிச்சிக்கினு நில்லு. நீயே புடிச்சிக்கினு இருந்தா எவன் வந்து திருப்பிடுவான்?"

மெயினை அணைக்க அவளே வீட்டுக்குள் ஓடியிருக்க வேண்டும். ஆனால் அவன் தன் கையை நம்பி அவள் கையில் கொடுக்கிறான். மாட்டேன் என்றால், இத்தனை நாளும் திருப்பியது நான்தான் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். அழுத்தினாள். பூட்டிக்கொண்டது. இரண்டு கையையும் அதன்மேல் வைத்து உடம்பின் பாரத்தையெல்லாம் இறக்கினாள்.

அவன் வலது கையை முழங்கைவரை உள்ளே விட்டுத் துழாவினான். தகரத்தில் மழை கொட்டியது. வாஷிங் மெஷின் சுவருக்கு அப்பால் கடகடத்தது. அந்த இரண்டு சத்தத்துக்கும் நடுவே, அவள் தோளுக்குப் பின்னால், தூசி அடைத்த நெஞ்சிலிருந்து வருகிற மாதிரி ஒரு மூச்சு இழுத்து இழுத்து வந்தது. கருங்கல் வாடை தொண்டையை அடைத்தது.

புறங்கையில் ஏதோ சில்லென்று பட்டது. கூரை ஒழுகுகிறது என்று நினைத்தாள்.

ஒழுகல் இப்படிப் பிடிக்காது.

விரல்கள். விபூதி பூசினாற்போல் கல் பொடி அப்பிய விரல்கள், அவள் விரல்களின் மேல். மணிக்கட்டுக்கு மேலே பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"என்னாங்க! கைய எடுங்க!"

"இரு இரு, மோதிரம் மாட்டிக்கினு இருக்கு."

அந்தக் கையில் கோபம் இல்லை. அவசரமும் இல்லை. வேலை முடித்து வெளியே வந்த ஆள், தான் அழுத்தியதைத் தானே திருப்புகிற நிதானம். அவள் விரல்களையும் சேர்த்துப் பிடித்தது. வலப்பக்கம். மெள்ள.

உதறினாள். வரவில்லை. கத்தினாள். மழை.

டக்.

மோட்டார் முனகியது. செங்குட்டுவன் தலையைத் தூக்கினான். பெல்ட்டைப் பார்க்கவில்லை. பட்டனைப் பார்த்தான்.

"எழிலு... நீயா?"

அவளும் குனிந்து பார்த்தாள். கல் பொடி இல்லை. வேறு விரல் இல்லை. அவளுடைய இரண்டு கைகள் மட்டும். அவை இன்னும் திருப்பிக்கொண்டிருந்தன.