தெரியாதவன் தலை

அன்றைக்கும் அமலனின் சட்டை கிழியாமல் வந்தது. ரூபி அதை உள்ளும் புறமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

ஜூன் மாதத்திலிருந்து, பள்ளிக்கூடம் விட்டு வரும் மகனின் சட்டையில் ஒரு பொத்தானாவது போயிருக்கும். காலர் பிய்ந்திருக்கும், முதுகில் செருப்புத் தடம் தெரியும். “விளையாண்டோம்மா” என்பான். அவளும் மேற்கொண்டு கேட்காமல் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். போன வாரத்திலிருந்து சட்டை போட்டது போட்டபடி வருகிறது. அதே போன வாரத்திலிருந்துதான் அவன் வகுப்புப் பையன் ஆனந்த்ராஜைக் காணவில்லை. நிம்மதிப்பட வேண்டியவள், பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்க்கவே பயந்துகொண்டிருந்தாள்.

எல்லாம் அந்தச் சரித்திர வாத்தியார் வைத்த வழக்கத்தில் தொடங்கியது. அவர் கேள்வி கேட்பார். பதில் சொன்னவன், தெரியாதவர்கள் தலையிலெல்லாம் கொட்டிக்கொண்டே வர வேண்டும். ஏழாம் வகுப்பிலேயே சின்ன உருவம் அமலன். பதில் சொல்பவனும் அவன்தான். பெரிய உருவம் ஆனந்த்ராஜ். அவன் தினமும் இவன் முன்னால் தலை குனிந்து நின்றான். மணியடித்த பிறகு அதை வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்தான்.

ஒருமுறை ரூபி, இந்தக் கொட்டு வழக்கம் வேண்டாமென்று கேட்க வாத்தியாரிடமே போய் நின்றாள். “ஒம்மகன் மெதுவாக் கொட்டுறாம்மா. மெதுவாக் கொட்டுனா நான் அவனுக்குக் கொட்டுவேன். அம்புட்டுத்தான் நம்ம கிளாஸ் ரூல்” என்று அவர் சிரித்தார். படித்தவரை எதிர்த்துப் பேச அவளுக்கு நா எழவில்லை. வீட்டுக்கு வந்து மகனிடம், “சார் சொல்றபடி ஓங்கியே கொட்டிருப்பா” என்றாள். அப்படிச் சொன்ன வாயை இப்போது அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

ஆறு மணிக்கு மின்வெட்டு வந்தது. இரண்டாயிரத்து எட்டாம் வருஷம். சாயங்காலக் கரண்டை மேட்டுப்பட்டியில் யாரும் எதிர்பார்ப்பதில்லை. புருஷன் ஞானராஜ் லாரியோடு வடக்கே போயிருந்தான். பக்கத்து வீட்டு டிவியும் மாவு மில்லும் ஒரே நேரத்தில் வாயடைத்துப்போக, தோல் பதனிடும் ஷாப்பின் வாடை காற்றோடு வந்து வாசலில் தேங்கி நிற்க, கொசுக்களின் ரீங்காரத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் இருப்பதை ரூபி செத்த நேரம் கழித்துத்தான் கவனித்தாள். அது உள்ளறையிலிருந்து வந்தது.

“முதலாம் பானிபட் போர் நடந்த ஆண்டு எது?” அமலனின் குரல்.

எங்கோ தண்ணீர் சொட்டியது.

“தெரியாதா? குனி.”

ணங்கென்று ஒரு கொட்டு. அதைத் தொடர்ந்து யாரோ பல்லைக் கடித்து மூச்சை உள்ளிழுத்தார்கள்.

சுவரில் கொட்டிப் பழகுகிறான் என்று ரூபி தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். சுவர் மூச்சு விடுமா?

“யாருப்பா உள்ள?”

“யாருமில்லம்மா. படிக்கிறேன்.”

தெருவில் செருப்பு தேயும் ஓசை. ஆனந்த்ராஜின் அம்மா சிவனம்மாள் வந்துகொண்டிருந்தாள். ஒரு வாரமாக அவளுக்கு இதே வேலை. ஒவ்வொரு வாசலிலும் நின்று கூப்பிடுவாள். “ஏலே ஆனந்த்ராசு...” தொண்டை கட்டிப்போன குரல்.

உள்ளே ஏதோ விம்மியது.

“பேசாம நில்லு. பதில் சொல்லிட்டுப் போ” என்றான் அமலன், மெதுவாக.

சிவனம்மாள் வாசலுக்கு வந்துவிட்டாள். “ரூபி, ஒம்பையன்ட்ட ஒரு வார்த்தை கேளு தாயி. எம்பிள்ளைய எங்கயாச்சும் பாத்தானா?”

கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு தாய். இந்தப் பக்கம் தன் பிள்ளை. ஒரு வார்த்தை சொன்னால் போதும், போலீஸ் வரும், மகன் போவான்.

“இங்க யாரும் வரலக்கா” என்றாள் ரூபி. தாழ்ப்பாளைப் போட்டாள்.

மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குள் போனாள். பாசி வாடை. ஊருக்கு வெளியே கல்குவாரிக் குழியில் தேங்கிய தண்ணீரின் வாடை. தரை ஈரம்.

அமலன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அவன் விரல் முட்டிகள் தோலுரிந்து சிவந்திருந்தன.

அவனுக்கு எதிரே, சுவரைப் பார்த்தபடி, குனிந்த ஒரு தலை. பள்ளிக்கூடச் சட்டை, நாள்கணக்காகத் தண்ணீரில் ஊறி வெளுத்த பிடரி. முடியிலிருந்து நீர் சொட்டியது.

“மாதாவே...”

“பயப்படாதம்மா. இவனால இப்ப ஒண்ணும் செய்ய முடியாது.” அமலன் சிரிக்கவில்லை. அவளையே பார்த்தான். “ஒனக்கு ஒரு கேள்வி. நான் தினமும் எங்க வச்சு அடி வாங்குனேன்?”

அவ்வளவு பொத்தான் தைத்தவள். ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

“தெரியாதுப்பா.”

“ஆனந்த்ராசு, நீ சொல்லு.”

சுவரோரம் தண்ணீர் கொப்பளிக்கும் சத்தம். பிறகு குரல். “தண்ணித் தொட்டிக்குப் பின்னால.”

“கரெக்டு. இது ஒண்ணுதான் ஒனக்குத் தெரியும்.” அமலனின் குரலில் பாராட்டு இருந்தது. “தெரிஞ்சவன்தான் கொட்டணும். அம்மா, குனிம்மா.”

“அமலா... வேணாம்ப்பா...”

“குனி. இல்லாட்டி எனக்கு விழும்.”

குனிந்தாள். மெழுகுவர்த்தி கையிலிருந்து நழுவி அணைந்தது. வெளியே, அடுத்த வாசலில், சிவனம்மாள் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இருட்டில் ஈரக் கால்கள் திரும்பின. நெருங்கின. நின்றன.

பிடரியில் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொரு சொட்டு.

“மெதுவாக் கொட்டக் கூடாது” என்றான் அமலன்.

தலைக்கு மேலே, குளிர்ந்த ஒரு கை முட்டியை மடக்கி உயர்ந்தது.