காலித் துப்பாக்கி வாரம்

விசை பின்னால் படுத்திருந்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் சமையலறை மேசையில் உட்கார்ந்து, இடுப்பிலிருந்து துப்பாக்கியை உருவியபோது கெண்ட்ரா அதைப் பார்த்தாள். காலையில் அவளே ஏற்றி வைத்தது. அப்போது விசை முன்னால் நின்றது, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி விறைப்பாக.

புதிதாகக் கைத்துப்பாக்கி வாங்குகிற எவருக்கும் அந்த ஊரில் ஒரு வாரப் பத்தியம் உண்டு. தோட்டா போடக் கூடாது. ஆனால் மேல்பாகத்தை இழுத்துவிட்டு உள்ளே தோட்டாவை அடிக்கும் ஊசியை ஏற்றி, உறையில் போட்டு, இடுப்பில் செருகிக்கொண்டு ஏழு நாள் நடமாட வேண்டும். குனியலாம், துணி துவைக்கலாம், சோபாவில் விழுந்து அழலாம். அன்றன்று சாயங்காலம் எடுத்துப் பார்க்கும்போது விசை முன்னால் நின்றால் துப்பாக்கி தானாகச் சுடாது என்று அர்த்தம். நம்பித் தோட்டா போட்டுக்கொள்ளலாம். பின்னால் படுத்திருந்தால் பகலில் எதுவோ அதை அழுத்தியிருக்கிறது. தோட்டா இருந்திருந்தால் தொடையில் ஓர் ஓட்டை.

கடைக்காரர் வர்ஜில் சனிக்கிழமை இதையெல்லாம் விளக்கிவிட்டு, "பொம்பளைங்களுக்குன்னே ரோஸ் கலர்ல ஒண்ணு வந்திருக்கு மேடம், எடுத்துக் காட்டவா?" என்றார்.

"எதுக்கு? அவன் அழகு பாத்துட்டுத் திரும்பிப் போயிடுவானா?"

வர்ஜில் கறுப்பையே எடுத்து வைத்தார். உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னத் துப்பாக்கி. பழையது. முன்பு யாரிடம் இருந்தது என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அவன் என்றால் கோல்பி. பதினாலு மாதத்துக்கு முன்பு அவள் தாடையை இரண்டு இடத்தில் உடைத்த கணவன். ஆறு வாரம் பல்லைக் கம்பியால் கட்டி, உறிஞ்சுகுழலில் சூப் குடித்தாள். ஊரில் எல்லாரும் அனுதாபத்தோடு சூப் கொண்டுவந்தார்கள். ஒருவராவது உப்புப் போடவில்லை. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அவனை விடுதலை செய்கிறார்கள் என்று சிறையின் தகவல் சேவை தொலைபேசியில் சொன்னது. விமான நிலைய அறிவிப்புப் பெண் மாதிரி அத்தனை இனிமையான குரல்.

நீதிமன்றம் ஒரு தடை உத்தரவு கொடுத்திருந்தது. அதைக் குளிர்ச்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தாள். தக்காளிக் குழம்பில் ஒரு சொட்டு அதன் மேல் காய்ந்திருந்தது.

தண்டனை கிடைத்த அன்று, கைவிலங்கோடு நீதிமன்ற நடைபாதையில் அவளைக் கடந்து போனபோது கோல்பி கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னான். "அந்தப் படி நான் கட்டினது, கெண்ட்ரா. நாலே படிதான்."

வாசல் படியைத்தான் சொன்னான். தச்சு வேலையில் கோல்பிக்கு இருந்த ஒரே திறமை, தனக்குத் திறமை இருக்கிறதென்று நம்பியது. நாலு பலகையும் நாலு விதமாகக் கத்தும். முதல் படி முனகும். இரண்டாவது நாய்க்குட்டி போல் கீச்சிடும். மூன்றாவது விறகு ஒடிவதுபோல் படக்கென்று சொல்லும். நாலாவது மட்டும், யாரோ அலுத்துப்போய் உட்கார்ந்த மாதிரி, நீளமாக மூச்சு விடும். அன்றிலிருந்து கெண்ட்ரா முன்வாசலைத் திறப்பதில்லை. போக்கும் வரத்தும் பின்பக்கம்தான்.

திங்கட்கிழமை அவள் தன்னையே திட்டிக்கொண்டாள். எங்கேயோ இடித்திருப்பேன். மறுபடி ஏற்றி உறையில் போட்டபோதுதான் நினைவு வந்தது. அரைமணி முன்பு முதல் படி முனகியது. காற்று என்று நினைத்தாள். கான்சஸில் எந்தச் சத்தத்துக்கும் முதல் சந்தேகம் காற்றின் மேல்தான்.

செவ்வாய்க்கிழமை தானியக் கிடங்கின் எடைமேடையில் காலையிலிருந்து நாற்பத்தொரு லாரிச் சோளம் நிறுத்தாள். ஏறினாள், இறங்கினாள், ஒரு டிரைவரோடு சண்டை போட்டாள். நான்கு மணிக்குக் கழிப்பறையில் எடுத்துப் பார்த்தாள். விசை முன்னால். வீட்டுக்கு வந்து, அடுப்பில் பீன்ஸும் கொத்துக்கறியும் கொதித்துக்கொண்டிருக்க, இரண்டு கையும் இனிப்பு ரொட்டி மாவில் மணிக்கட்டுவரை புதைந்திருக்க, வெளியே வெளிச்சம் சாம்பல் நிறமாகிக் கண்ணாடியில் அவள் முகம் தெரிய ஆரம்பித்த நேரத்தில், வாசலில் நாய்க்குட்டி ஒன்று கீச்சென்றது.

இரண்டாவது படி.

இடுப்பில், சட்டைக்கு அடியில், தோலோடு தோலாக: டிக்.

மாவுக் கையோடு அப்படியே நின்றாள். உறையின் கெட்டிப் பிளாஸ்டிக் விசையை முழுதாக மூடியிருந்தது. ஒரு குண்டூசி நுழைய இடமில்லை.

புதன்கிழமை மதியம் வர்ஜில் அதை மேசையில் பிரித்துப் போட்டு, ஒவ்வொரு பாகமாக விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். அரைமணி நேரம் அதை உலுக்கினார், ரப்பர் சுத்தியலால் தட்டினார், இடுப்பில் கட்டிக்கொண்டு கடைக்குள் குதித்தார். நூற்றிருபது கிலோ ஆள் குதித்ததில் அலமாரியில் இருந்த கண்ணாடிகள்தான் ஆடின. விசை அசையவில்லை.

"இதுல ஒரு குறையும் இல்ல மேடம். இது கீழ விழுந்தாலும் சுடாது, மேல லாரி ஏறினாலும் சுடாது. இதுக்கு ஒரு விரல் வேணும்."

"என் விரல் மாவுல இருந்துச்சு."

"அப்ப வேற விரல்," என்று சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "எது எப்படியோ, விசை விழுந்துக்கிட்டிருக்கிறவரைக்கும் இதுல தோட்டா மட்டும் போட்டுடாதீங்க."

அன்று ஐந்து மணிக்கு அவள் அக்கா மார்னி வந்தாள். யார் சொன்னாலும் முன்வாசல் வழியாகத்தான் வருவாள். நாலு படியும் வரிசையாகக் கத்தின. முனகல், கீச்சு, படக், பெருமூச்சு.

"என்னடி வாசல்ல தைல வாசனை? யாருக்கு மூட்டுவலி?"

கோல்பி கீழுதட்டுக்குள் அதக்கும் புகையிலைக்கு அந்த வாசனைதான். வலித் தைலத்தைக் கரைத்துக் குடித்தவன் மாதிரி அவன் மூச்சு மணக்கும்.

"அக்கா, அவன் வந்துட்டுப் போறான்."

"பைத்தியமா உனக்கு? ஜெயில்ல என் சிநேகிதிதான் கேன்டீன்ல இருக்கா. மத்தியானம் மூணு தட்டு சாப்ட்டானாம். நம்ம வரிப்பணத்துல நல்லாத்தான் இருக்கான்."

"அப்ப யாருக்கா படியேறுறது?"

"காத்துடி. என் வீட்டுக்கு வந்துடுன்னா, ரெண்டு ரூம்ல ஏழு பேரு, உன்னை எங்க படுக்க வைக்கிறது, பாத்டப்புலயா?" மார்னி அவள் தாடையைத் தொட்டு, தழும்பைக் கட்டைவிரலால் தடவினாள். "வெள்ளிக்கிழமை விடியுறதுக்குள்ள ஜெயில் வாசல்ல போய் நிக்கிறேன். அவன் எந்தப் பக்கம் திரும்பினாலும் உனக்குச் சொல்லிடுவேன். சரியா?"

பெருமூச்சு, படக், கீச்சு, முனகல். அக்கா இறங்கிப் போனாள்.

கெண்ட்ரா துப்பாக்கியை ஏற்றி மேசை நடுவில் வைத்தாள். உறை இல்லை. இடுப்பு இல்லை. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, இமைக்காமல் பார்த்தாள். குழல் முன்வாசலைப் பார்த்திருந்தது. அடுப்பில் நேற்றைய குழம்பு. சுவரில் கடிகாரம். தூரத்தில் தானியம் உலர்த்தும் இயந்திரம் ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருந்தது. அறுவடை முடியும்வரை நிற்காத அந்த இரைச்சல் இப்போது ஏனோ மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல் தேய்ந்தது. தைல வாசனை கதவுக்கு அடியில் புகுந்து, தரை விரிப்பின் மேல் தவழ்ந்து, மேசைக் கால்வரை வந்தது.

படக்.

மூன்றாவது படி.

விசை நகர்ந்தது. தொட யாருமில்லாமல், அவசரமில்லாமல், பழகியவன் அழுத்துகிற மாதிரி ஒரே சீராகப் பின்னால் போனது. பாதியில் ஒரு கணம் நின்றது. குறி பார்க்கிறவர்கள் அப்படித்தான் நிறுத்துவார்கள்.

டிக்.

கதவின் துளைக்கண்ணாடியில் பார்த்தாள். காலி வாசல். காலிப் படி. எதிர்வீட்டுக்காரர் இலை கூட்டிக்கொண்டிருந்தார். இவ்வளவு நேரமும் அங்கேதான் இருந்திருக்கிறார்.

வியாழக்கிழமை ஷெரிஃப் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். எடுத்தவருக்கு வாயில் ஏதோ சாப்பாடு. "உள்ளதான் இருக்கான்மா. நான் பாத்துக்கிட்டேதான் பேசுறேன்." சாயங்காலம் காத்திருந்தாள். நாலாவது படி பெருமூச்சு விட்டது. டிக்.

அதற்கப்புறம் வெகுநேரம் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். பத்தியத்தில் நாலு நாள் தோல்வி. தோட்டா போடக் கூடாது. போடாவிட்டால் நாளைக்கு வெறுங்கை. மற்ற யாரும் அவளை நம்பவில்லை: அக்கா, வர்ஜில், ஷெரிஃப் அலுவலகம், அந்த இனிமையான குரல். இது ஒன்றுதான் ஒவ்வொரு நாளும், அவன் வந்த கணத்தில், தவறாமல் சுட்டிருக்கிறது. இது பழுதில்லை. இதற்கும் பயமாயிருக்கிறது, என்னைப்போல. அவ்வளவுதான்.

அது பைத்தியக்காரத்தனமான யோசனை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தே ஆறு தோட்டாவை மேகசினில் ஒவ்வொன்றாக அமுக்கினாள். கடைசித் தோட்டாவுக்குக் கட்டைவிரல் நகம் உடைந்தது.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி. கிழக்குப் பார்த்த வாசல். கதவுக்கு வெளியே வெயில் நன்றாக ஏறியிருக்க வேண்டும்; கதவின் விளிம்பைச் சுற்றி மெல்லிய பொன்கோடு தெரிந்தது. நடைவழியின் கோடியில் நின்று, இரண்டு கையாலும் துப்பாக்கியைப் பிடித்திருந்தாள். ஆள்காட்டி விரலை விசையில் வைக்கவில்லை. வர்ஜில் சொன்னபடி பக்கவாட்டில் நேராக நீட்டியிருந்தாள். ஸ்பீக்கரில் போட்ட போன் சட்டைப்பையில் பேசிக்கொண்டிருந்தது.

"ஜெயில் கேட்டு இன்னும் திறக்கலைடி," என்றாள் மார்னி. "பத்துக்குத்தான் விடுவாங்களாம். என்னை வரவேற்பறையில உக்கார விட்டுட்டாங்க. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் தெரியுறான். பெஞ்சுல குந்திக்கிட்டு ஷூ லேஸ் கட்டுறான். நாய்க்கு இன்னும் லேஸ் கட்டத் தெரியலை."

"நல்லாப் பாத்தியா? அவன்தானா?"

"பத்து வருஷம் எனக்குத் தங்கச்சி புருஷன்டி அவன். எனக்குத் தெரியாதா? நீ ஏதாவது சாப்ட்டியா?"

தைல வாசனை. இந்தத் தடவை தவழ்ந்து வரவில்லை. மூக்குக்கு நேரே, வாய்க்கு நேரே, சூடாக.

படிச் சத்தத்துக்குக் காத்திருந்தாள். முனகல் இல்லை. கீச்சு இல்லை. படக் இல்லை. பெருமூச்சு இல்லை.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. வாரம் முழுவதும் ஏறிய சத்தம் மட்டும்தான் கேட்டது. நாளுக்கு ஒரு படி. அக்கா ஏறினாள், இறங்கினாள். இது ஒருநாளும் இறங்கவேயில்லை.

இனி ஏறப் படியில்லை.

அவள் விரல் நேராக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நேராக. விசை பின்னால் போனது. பாதியில் நின்றது.

வெடித்தது.

காதில் ஊ என்று ஒரு கம்பி இழுபட்டது. வெடிமருந்து நெடி. காலடியில் தோட்டாக் கூடு உருண்டு, சுவரில் முட்டி நின்றது. கதவில், நெஞ்சு உயரத்தில், சுண்டுவிரல் பருமனில் ஓர் ஓட்டை. அதன் வழியாக வெயில் ஒரு கம்பிபோல நடைவழியைக் கடந்து வந்து, அவள் சட்டையில் வட்டமாக விழுந்தது. தூசி அதில் மெல்ல மிதந்தது.

வெளியே எதுவும் விழவில்லை. யாரும் கத்தவில்லை.

"என்னடி சத்தம்? கெண்ட்ரா? கெண்ட்ரா!"

"அக்கா." தாடை பழைய இடத்தில் வலித்தது. "அக்கா, அவன் அங்கதான் இருக்கானா?"

"இருக்கான். இங்கதான்டி இருக்கான்." மார்னியின் குரல் திடீரென்று இறங்கியது. "இப்பதான் தலையத் தூக்கினான். என்னைப் பாக்குறான். என்னவோ நெஞ்சைத் தடவி விட்டுக்கிறான், கெண்ட்ரா. சிரிக்கிறான்."

அவள் சட்டையில் விழுந்திருந்த வெயில் வட்டம் அணைந்தது.

படி எதுவும் கத்தவில்லை. வட்டம் மறுபடி ஒருமுறை வந்தது. மறுபடி அணைந்தது, ஓட்டைக்கு யாரோ கண்ணைக் கொண்டுவந்து வைத்த மாதிரி. அப்புறம் வரவேயில்லை.