சுக்கிரன் கோட்டையின் கடைசி ரீல்

“ஆ...ஆ...ஆ...!”

கோவிந்தனின் அலறல் பள்ளத்தில் இறங்கி... தேய்ந்து... நின்றது.

பாறை விளிம்பில் தீர்த்தகிரி மட்டும் நின்றான். சுற்றிலும் பார்த்தான். ஒரு ஈ, காக்கை இல்லை.

பங்காளிச் சண்டை. நாலு புளியமரம். அதற்காக ஒரு கொலை!

எதிர் மலையில் மெட்ராஸ் சினிமாக்காரர்கள் ‘சுக்கிரன் கோட்டை’ படத்துக்காக ராக்கெட் விட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இந்தப் பக்கம் திரும்ப ஏது நேரம் என்று நினைத்தான்.

“கோவிந்தன் காப்பித் தோட்டத்து வேலைக்குப் போய்ட்டான். நான்தான் காலைல பஸ் ஏத்திவுட்டேன்” என்று கோவிந்தனின் பெண்டாட்டி அம்சவல்லியிடம் சொன்னான். ஊரில் எவனும் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை.

அது 1981-ல்.

இப்போது 1984. வெள்ளிக்கிழமை. பிற்பகல் மூன்று மணி. ஜமுனாமரத்தூரில் ராஜாக்கண்ணுவின் டீக்கடை.

எதிர்ச் சுவரில் பசை காயாத போஸ்டர். ‘சுக்கிரன் கோட்டை - இரண்டாம் பாகம்! முதல் பாகத்தின் க்ளைமாக்ஸிலிருந்து ஆரம்பம்! இன்று முதல்!’

“படம் தேறாதுப்பா” என்றார் ராஜாக்கண்ணு. “ஹீரோவுக்குத் தொப்ப வுழுந்துட்சி. ராக்கெட்டுல நுழைவானான்னே சந்தேகம்!”

“அத்த வுடுண்ணா. பூட்டுன ராக்கெட்டுல அந்தப் பொண்ணு உசுரோட கீதா, இல்லியா? அரமணி நேரக் காத்துதான பாக்கி?” புளி மூட்டை இறக்க வந்தவன் நிஜமாகவே கவலைப்பட்டான்.

விடை அந்த மலையில் ஒருவருக்கும் தெரியாது!

கடைசி பஸ் ஒன்பதரைக்கு. அதனால் ஜமுனாமரத்தூர் டென்ட் கொட்டகையில் எந்தப் படமானாலும் கடைசி ரீலை ஓட்டுவதே கிடையாது. கதாநாயகியை ராக்கெட்டில் பூட்டினார்கள். உடனே ‘வணக்கம்’ போட்டு ஜனங்களை பஸ்ஸுக்கு விரட்டிவிட்டார்கள். இரண்டு வருஷமாக மலையே தவித்துக்கொண்டிருக்கிறது.

“நான் பாத்துகீறேன்” என்றான் துரைக்கண்ணு. கொட்டகையின் புது ஆப்பரேட்டர். திருப்பத்தூர் தியேட்டரிலிருந்து போன மாசம்தான் வந்தவன்.

மொத்தக் கடையும் அவனைச் சூழ்ந்தது.

“பொண்ணு இன்னா ஆச்சின்னு சொல்லமாட்டேன். ஆனா ஒண்ணு... ராக்கெட் கெளம்பறப்ப தூரமா ஒரு பாற. மேல ரெண்டு ஆளு. ஒருத்தன் இன்னொருத்தன அப்டியே தள்ளுவான் பாரு... நெசமாட்டமே இருக்கும்! சுக்கிரன்லேர்ந்து வந்த வில்லனுங்கன்னு திருப்பத்தூர்ல ஒரே விசில்!”

ஓர பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த தீர்த்தகிரி கிளாஸைக் கீழே வைத்தான்.

“மூஞ்சி... தெரியுமா?” என்று கேட்டான்.

“எனக்கு இன்னாண்ணா தெரியும்? தூரத்து ஷாட்டு. பழகுன ஆளுங்க பாத்தா கண்டுபுடிச்சிடுவாங்க. இன்னிக்கிதான் மொத ரீல்லயே ஊரே பாக்கப்போவுதே!”

தீர்த்தகிரி எழுந்து நடந்தான்.

போஸ்டரில் போடுவதெல்லாம் படத்தில் வருமா? வராது.

வந்துவிட்டால்...?

ஆறரைக்கு முதல் ஆட்டம். முதல் வரிசையில் அம்சவல்லி உட்காருவாள். திரையில் புருஷன் விழுவான்.

அந்த ரீல் சாம்பலாக வேண்டும். இல்லையென்றால் அவனுக்குத் தூக்கு!

ஐந்து மணி. ஆப்பரேட்டர் ரூம்.

துரைக்கண்ணு தனியாகத்தான் தெரிந்தான். ஜீப்பில் வந்த படப்பெட்டி மேஜையில் இருந்தது.

பின்னாலிருந்து ஒரு கொடுவாள் அவன் கழுத்தில் பதிந்தது!

“மொத ரீல எட்றா!”

“ண்ணா... இன்னாண்ணா இது? வெளாட்டா?”

“எட்றான்னா!” கொடுவாள் அழுந்தியது. ஒரு கோடு ரத்தம்.

“எ...எதுக்குண்ணா?”

“பாற மேல நிக்கிறவன் நான்தான்டா! கோவிந்தனத் தள்ளுனது நான்தான்!”

“அய்யோ... அவரு காப்பித் தோட்டத்துல...”

“பாறைக்குக் கீழ, நெல்லி மரத்தாண்ட, மண்ணுக்குள்ள கீறான்! பக்கத்துல ஒனக்கும் எடம் வேணுமா?”

துரைக்கண்ணு ஒரு ரீலை எடுத்து நீட்டினான்.

தீக்குச்சி உரசியது. ஃபிலிம் சுருண்டு, பொசுங்கி, நாறியது. தீர்த்தகிரி சிரித்தான். அடுத்து, உண்மை தெரிந்த இவனையும் முடிக்க வேண்டும். கொடுவாளை ஓங்கினான்...

“கத்தியக் கீழ போடு!”

மூலையில் குவித்திருந்த டென்ட் துணிக்குப் பின்னால் சப்-இன்ஸ்பெக்டர் தேவராஜ். கையில் ரிவால்வர்! அவருக்குப் பின்னால் இரண்டு கான்ஸ்டபிள்கள். அப்புறம்... அம்சவல்லி!

கொடுவாள் தரையில் விழுந்தது.

“அன்னிக்கி ஷூட்டிங்குக்காக ரோட்ட மறிச்சி வெச்சிருந்தாங்க. பஸ்ஸே ஓடல” என்றாள் அம்சவல்லி. “நீ பஸ் ஏத்திவுட்டேன்னு சொன்னப்பவே எனக்கு சந்தேகம் வந்துட்சி. எங்கூட்டுக்காரு ஒன்னோட பாறப் பக்கம் போனத நான் பாத்தேன். மூணு வருசமா பொட்டு வெக்கிறதா அழிக்கிறதான்னு தெரியாம...”

அழுதாள். ஒரு கான்ஸ்டபிள் அவளை மெதுவாக வெளியே அழைத்துப் போனார்.

“பொய் சொன்னதுக்கெல்லாம் கொலக் கேஸ் போட முடியாதும்மான்னு கைய விரிச்சிட்டேன்” என்றார் தேவராஜ், விலங்கை மாட்டியபடி. “நம்ம துரைக்கண்ணுதான் ஐடியா குடுத்தான். இந்த மலைல ஒருத்தனும் கடைசி ரீலப் பாத்ததில்ல... அதுல நாம எத வேணா வெச்சிக்கலாம் சார்னான்!”

தீர்த்தகிரி தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்தான்.

“அப்ப... நான் கொளுத்துனது?”

“பழைய சோப்பு வெளம்பரம்!” கழுத்து ரத்தத்தைக் கைக்குட்டையால் ஒற்றியபடி சொன்னான் துரைக்கண்ணு.

“பாற...? ரெண்டு ஆளு...?”

“ஏதுண்ணா பாற? அந்தம்மா சொன்னத வெச்சி நான் வுட்ட கத!”

ஜீப்பில் ஏறும்போதும் தீர்த்தகிரியால் பொறுக்க முடியவில்லை. திரும்பிக் கத்தினான்.

“டேய்! அப்ப கடைசி ரீல்ல இன்னாதான்டா கீது?”

“கல்யாணம்ணா! சுக்கிரனுக்கே போனாலும் நம்மாளு டூயட் பாடாம, தாலி கட்டாம திரும்பி வருவானா?”