எட்டு இருபது பஸ்ஸைக் காணோம்

2004 ஜூலை. வியாழக்கிழமை காலை 10.15.

செகந்திராபாத் பக்கம், சனத்நகர் ரயில் நிலைய வாசலில் ஒரு பஸ் காணாமல் போயிருந்தது. முதல் தடவை என்றால் பரவாயில்லை, இது பதினெட்டாவது தடவை.

துப்பறிய வந்தவள் போலீஸ் இல்லை. பெயர் சுபாஸ்ரீ, கும்பகோணத்துப் பெண். ரயில் வரும் நேரத்தையும் பஸ் கிளம்பும் நேரத்தையும் முடிச்சுப் போடும் அலுவலகத்தில் வேலை. லோக்கல் ரயில் 8.16க்கு வரும். அதில் இறங்குகிறவர்களை ஏற்றிக்கொண்டு 8.20க்கு பாலாநகர் பஸ் கிளம்ப வேண்டும். அவளே போட்ட அட்டவணை, அவளே கெஞ்சி வாங்கிய பஸ். விடத் தொடங்கிய இந்த மூன்று வாரமும் அது காலியாகவே ஓடுகிறது என்று கண்டக்டர் எழுதித் தந்திருந்தார். மதியம் பன்னிரண்டு மணிக்கு மேலதிகாரி கிருஷ்ணகுமார் அந்த பஸ்ஸை நிறுத்திக் கையெழுத்துப் போடப்போகிறார்.

ஏற வேண்டியவர்களோ, பஸ்ஸே வருவதில்லை என்று சத்தியம் செய்தார்கள்.

"எட்டு பதினாறுக்கு இறங்கி ஓடி வர்றோம் மேடம், நாப்பது பொம்பளைங்க. ரோடு காலியா கெடக்கு," என்றாள் லூர்துமேரி. பாலாநகர் தொழிற்சாலை ஒன்றில் அவளுக்கு பேக்கிங் வேலை. "ஷேர் ஆட்டோவுக்கு அடிச்சுப் பிடிச்சுப் போறதுக்குள்ள சில நாள் கேட்டைச் சாத்திடுறான். இன்னைக்கு ரெண்டாவது லேட்டுன்னு திருப்பி அனுப்பிட்டான். இன்னொரு தடவை ஆனா பேரையே அடிச்சிடுவானாம்."

அவள் அழவில்லை. கோபத்தில் மூக்கு நுனி சிவந்திருந்தது.

கண்டக்டர் நூர் முகமது துள்ளிக் குதித்தார். "அபாண்டம் மேடம்! பஸ் வந்துச்சு, நின்னுச்சு, எட்டு இருபதுக்குத்தான் கிளம்புச்சு. ஒரு ஈ காக்கா ஏறல."

"பஸ்ஸை விட்டுட்டு ஆட்டோல நசுங்கிப் போகணும்னு எங்களுக்கென்ன வேண்டுதலா?"

"ரயில் வந்ததைப் பார்த்தீங்களா?" என்று கண்டக்டரைக் கேட்டபடி குறுக்கே புகுந்தாள் சுபாஸ்ரீ.

"குடோன் சுவர் மறைக்குது மேடம். ரயில் சத்தம்தான் நாள் பூரா கேக்குதே."

"நேரம் எப்படித் தெரியும்?"

"டூட்டிக்கு வந்ததும் பூத் கடிகாரத்தைப் பார்த்து வாட்சை வச்சுக்குவோம். அதான் ரூல்."

10.30. பஸ் பூத். கண்டக்டரும் லூர்துமேரியும் கூடவே வந்தார்கள். டைம் கீப்பர் சிவஞானம், மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்காரர். முத்து முத்தான கையெழுத்தில் நோட்டு முழுக்க 8.20, 8.20, 8.20.

"டௌட் நக்கோ மேடம், சந்தேகமே வேணாம். முப்பது வருஷ சர்வீஸ். அந்த பஸ்ஸை அனுப்பிட்டுத்தான் டிபன் டப்பாவைத் திறப்பேன். அப்புறம் ரேடியோல இங்கிலீஷ் நியூஸ், முதல்லேர்ந்து கடைசி வரைக்கும்."

"நியூஸ் எத்தனை மணிக்கு?"

"பஸ் போனப்புறம்." அவர் சுவரை நிமிர்ந்து பார்த்தார். "பத்து நாற்பது ஆச்சு, சாயா சொல்லட்டுமா?"

சுபாஸ்ரீயால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அந்த நியூஸ் எட்டேகாலுக்கு சார். எட்டு இருபதுக்கு பஸ்ஸை அனுப்பிட்டு அதை எப்படி முதல்லேர்ந்து கேட்டீங்க?"

அவள் தன் செல்போனை நீட்டினாள். அதில் 10.31. சுவர்க் கடிகாரத்தில் 10.41.

"பஸ் எட்டு பத்துக்கே போயிடுது. ரயில் வர்றது எட்டு பதினாறுக்கு. கண்டக்டரும் பொய் சொல்லல, லூர்துமேரியும் பொய் சொல்லல. கடிகாரத்தைத் தள்ளி வச்சது நீங்கதானே?"

சிவஞானம் தலையைச் சொறிந்தார். "ஹவ் மேடம், நான்தான். போன வருஷம் இந்த நூர் முகமது தினமும் தூங்கிட்டு லேட்டு. மெமோ குடுத்தா இன்கிரிமென்ட் போயிடும், மூணு பொண்ணு வச்சிருக்கான். மனசு கேக்கல, முள்ளைப் பத்து நிமிஷம் முன்னாடி தள்ளி வச்சேன். அதைப் பார்த்து வாட்சை வச்சா, மறுநாள்லேர்ந்து சீக்கிரம் வந்துடுவான்ல. அப்புறம் எனக்கே மறந்துபோச்சு."

ரயிலுக்காக இந்த பஸ் வரும்வரை அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. எல்லா பஸ்ஸும் சேர்ந்தே பத்து நிமிஷம் முந்திப் போனதால் ஒருவரும் கவனிக்கவில்லை. ரயில் மட்டும் பூத் கடிகாரத்துக்குக் கட்டுப்படவில்லை.

"அய்யோ சாமி! இவரு தூங்கினதுக்கு நான் கேட்டுக்கு வெளிய நின்னேனா?" என்று கத்திய லூர்துமேரி, நூர் முகமதுவின் முகத்தைப் பார்த்ததும் தன்னை மீறிச் சிரித்துவிட்டாள்.

சிவஞானம் ஸ்டூலில் ஏறிக் கடிகாரத்தைச் சரியாக்கினார். சுபாஸ்ரீ அங்கேயே உட்கார்ந்து, தவறு எங்களுடையது என்று தொழிற்சாலைக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தாள். 11.50க்கு கிருஷ்ணகுமாரைப் போனில் பிடித்தாள். நடந்ததைக் கேட்டு, "ஒரே ஒரு நாள் பார்ப்போம்," என்றார் அவர்.

வெள்ளி காலை 8.16. குடோன் சுவரைத் தாண்டி முதலில் ஓடிவந்தவள் லூர்துமேரி. "நிக்குதுடீ! பஸ் நிக்குது!" என்று அவள் போட்ட கூச்சலில் ஆட்டோக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பின்னாலேயே மொத்தக் கூட்டமும் வந்து ஏறியது. 8.20க்கு நூர் முகமது படியில் தொங்கியபடி விசிலடித்தார்.

தெருவில் நின்ற சுபாஸ்ரீக்கு சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. செல்போன் அடித்தது.

"என்ன சுபாஸ்ரீ, பஸ்ஸை நிறுத்திடலாமா?"

"இன்னொண்ணு குடுங்க சார். எனக்கே ஏற இடம் கிடைக்கல."