வானம் பார்த்த வேர்கள்

காலை ஆறேகால். கடலோரத் திடலில் எருக்கஞ்செடிகள் அத்தனையும் பிடுங்கப்பட்டுக் கிடந்தன. தன்னார்வலர்கள் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து முழங்கால் உயரத்துக்கு வளர்த்த செடிகள். பத்து மணிக்கு அதிகாரிகள் வருகிறார்கள். செடியில் பட்டாம்பூச்சிப் புழு இருந்தால் இது பாதுகாப்பு நிலம். இல்லாவிட்டால் பக்கத்து ஓட்டலுக்குக் கார் நிறுத்த இடம்.

"ஓட்டல்காரன் வேலைதான். அந்த வாட்ச்மேனைப் பிடிச்சாத் தெரியும்" என்றார் தன்னார்வலர்களில் ஒருவரான டீச்சர். மண்வெட்டியை அவர் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தால் வாட்ச்மேனுக்கு அன்று நல்ல நேரம் இல்லை.

இன்ஸ்பெக்டரம்மா திடலைச் சுற்றிப் பார்த்தார். போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டுச் சுவரை முறைத்துக்கொண்டிருந்தவரை இங்கே இழுத்து வந்தவர் அவருடைய அக்கா கணவர். மருந்துக்கடைக்காரர், இந்தக் குழுவைத் தொடங்கியவரே அவர்தான். இப்போது கறுப்புக் கண்ணாடியோடு இடிந்துபோய் மணலில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன அத்தான், விடிஞ்சும் விடியாம கண்ணாடி?"

"மணல் விழுந்துடுச்சும்மா. உறுத்துது."

வாட்ச்மேன் கைகட்டி வந்து நின்றான்.

"ராத்திரி எங்கப்பா இருந்தே?"

"ஓட்டல் கேட்லதாம்மா."

"யார் திடலுக்குள்ள போனது?"

"வெளியாள் யாரும் போகலை. உங்க ஆளுங்க வர்றதும் போறதும் வழக்கம்தானே, நான் கவனிக்கறதில்ல."

"புளுகறான்" என்று டீச்சர் அவனை ஓட்டல் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். மற்றவர்களும் கூடவே போனார்கள்.

இன்ஸ்பெக்டரம்மா குனிந்து பார்த்தார். ஒவ்வொரு செடியும் மண் உதறப்பட்டு, வேர் வானத்தைப் பார்க்கக் கவிழ்ந்து கிடந்தது. ஈர மணலில் வேர் பட்டால் களை மறுபடி பிடித்துக்கொள்ளும் என்று அத்தான் முதல் நாளே எல்லோருக்கும் சொல்லித் தரும் களையெடுப்பு முறை. கூலிக்கு வந்தவன் பிடுங்கின கையோடு வீசிவிட்டுப் போயிருப்பான். இலைகளில் புதிதாகக் கடித்த தடம் இருந்தது. ஆனால் உயிரோடும் புழு இல்லை, செத்தும் இல்லை; ஓர் எறும்புகூட மொய்க்கவில்லை. யாரோ புழுக்களைப் பத்திரமாக எடுத்துவிட்டுத்தான் செடியில் கை வைத்திருக்கிறார்கள். அவர் நிமிர்ந்து அத்தானிடம் போனார்.

"கண்ணாடியைக் கழட்டுங்க அத்தான்."

கழற்றினார். இரண்டு கண்ணும் சிவந்து வீங்கியிருந்தன.

"எருக்கம்பால் பட்ட கையால கண்ணைத் தொடாதீங்கன்னு எங்களுக்கு ஆயிரம் தடவை சொன்னவர் நீங்க. நீங்க எப்படித் தொட்டீங்க?"

அவர் கண்ணாடியை மடித்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"பிடுங்கும்போது அழுதீங்களா?"

"பாதுகாப்பு நிலம்னு ஆயிட்டா திடலுக்குப் பின்தெருவைக் காலி பண்ணுவாங்களாம். நேத்துதான் தெரிஞ்சது. அங்க இருக்கற நம்ம பாப்பா கைக்குழந்தையோட எங்க போவா?"

பாப்பா அத்தானுடைய மகள். இன்ஸ்பெக்டரம்மா தூக்கி வளர்த்த பிள்ளை.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா? சட்டம் சட்டம்தான்னு சொல்லியிருப்பே."

அது உண்மை. அதுதான் அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

"புழு எங்கே?"

"கடையில, அட்டைப்பெட்டியில. கொல்ல மனசு வரலை."

"செடியில இல்லாத புழு அதிகாரிங்க கணக்குல வராது."

"தெரியும்மா."

டீச்சர் திரும்பி வந்தார். முகத்தில் வெற்றி. "ஓட்டல் பேர் கெட்டுடும்னு மேனேஜர் பயந்துட்டார். வாட்ச்மேனுக்கு இன்னையோட வேலை போச்சு."

இன்ஸ்பெக்டரம்மா அத்தானைப் பார்த்தார். அவரே சொல்லட்டும் என்று காத்திருந்தார். அத்தான் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு கடலைப் பார்த்தார்.

"வாட்ச்மேன் இல்ல டீச்சர்" என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "எங்க அத்தான்."

அதிகாரிகள் வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். வாட்ச்மேன் கேட்டுக்குத் திரும்பினான். சில வாரங்களில் மருந்துக்கடையிலிருந்து பட்டாம்பூச்சிகள் வெளியே வந்து முட்டையிட எருக்கைத் தேடித் திடலுக்குப் போயின. அங்கே தார் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

பின்தெருவில் பாப்பா வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒருநாள் மாலை இன்ஸ்பெக்டரம்மா குழந்தையைப் பார்க்கப் போனார். உள்ளே குழந்தை சிணுங்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் தட்டினார். ஜன்னல் திரையை விலக்கி அவரைப் பார்த்த பாப்பா மறுபடி மூடிக்கொண்டாள். யாரும் கதவைத் திறக்கவில்லை.